பில்லில் மொத்தம் எது? கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்களில் பலர், அதனுடன் பிரிண்டரும் ஸ்கேனரும் சேர்ந்த ஆல் இன் ஒன் சாதனம் ஒன்றையும் வாங்கிவிடுகின்றனர். வாங்கிய ஓரிரு மாதங்களிலேயே மின்சார ரசீது, மருந்துக் கடை பில், இன்சூரன்ஸ் பாலிசி, பிள்ளைகளின் மார்க் ஷீட் என வீட்டில் உள்ள அனைத்துத் தாள்களும் ஸ்கேன் செய்யப்பட்டு ஒரு போல்டரில் சேர்ந்துவிடும். அதன் பின்னர் ஓர் ஆசை வரும். "இந்த 200 பில்களிலும் உள்ள மொத்தத் தொகையை மட்டும் எடுத்து, எக்ஸெல் தாளில் வரிசையாகப் போட்டுத் தர முடியுமா?" என்று கம்ப்யூட்டரிடம் கேட்கத் தோன்றும்.

முடியும். ஆனால் நாம் நினைப்பது போல அது எழுத்துக்களைப் படிப்பதால் மட்டும் நடப்பதில்லை. எந்தச் சொல் எந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டர் கற்றுக் கொள்ள வேண்டும். அதற்குப் பயன்படும் ஒரு வழிதான் கிராப் அடிப்படையிலான மெஷின் லேர்னிங். பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிதுதான். இதனைத் தெரிந்து கொண்டால், இத்தகைய புரோகிராம்கள் தரும் விடையை எங்கே நம்பலாம், எங்கே நம்பக் கூடாது என்பதும் தெளிவாகும். 

ஸ்கேன் செய்தது படம்தான், எழுத்து அல்ல

முதலில் ஓர் அடிப்படையைப் பார்த்துவிடலாம். ஸ்கேனர் உங்கள் தாளைப் படிப்பதில்லை, படம் எடுக்கிறது. ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால், அகலத்தில் 2480, உயரத்தில் 3508 பிக்ஸெல்கள் கொண்ட படம் கிடைக்கும். பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 87 லட்சம் பிக்ஸெல்கள். ஒவ்வொரு பிக்ஸெலுக்கும் ஒரு நிறம் உண்டு, அவ்வளவுதான். "மொத்தம்" என்ற சொல்லோ, 865 என்ற எண்ணோ அந்த பைலில் எழுத்தாக இல்லை. அதனால்தான் ஸ்கேன் செய்த பைலைத் திறந்து ஒரு சொல்லைத் தேடினால், கண்ணெதிரே அந்தச் சொல் இருந்தும், இல்லை என்று பதில் வருகிறது.

படத்தில் உள்ள எழுத்தை உண்மையான எழுத்தாக மாற்றும் சாப்ட்வேரை ஓ.சி.ஆர். என்று அழைக்கிறோம். ஆப்டிகல் கேரக்டர் ரெகக்னிஷன் என்பதன் சுருக்கம் இது. இவ்வகையில் இலவசமாகக் கிடைப்பவற்றில் புகழ் பெற்றது டெஸராக்ட். எச்.பி. நிறுவனம் 1985 முதல் 1994 வரை இதனை உருவாக்கி வந்தது. 2005ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது. 2006 முதல் பல ஆண்டுகள் கூகுள் நிறுவனம் இதன் வளர்ச்சிக்கு உதவியது. 2018ல் வந்த 4 ஆம் பதிப்பில், எழுத்துக்களை அறியும் பகுதி நியூரல் நெட்வொர்க் முறைக்கு மாறியது. தமிழுக்கான டேட்டா பைலும் இதற்குக் கிடைக்கிறது.

தமிழில் ஓ.சி.ஆருக்குச் சற்றுக் கூடுதல் சிரமம் உண்டு. "மொ" என்ற எழுத்தில் மகரத்திற்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வருகின்றன. காலும் "ர"வும் அச்சில் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும். மங்கிய பில்லில் புள்ளிகள் மறைந்து போகும். எனவே "மொத்தம்" என்பது "மொததம" என்றோ வேறு மாதிரியோ வந்து நிற்கலாம். இதனை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னர் தேவைப்படும்.

எழுத்து கிடைத்தால் போதுமா?

போதாது. எடுத்துக்காட்டாக, கீழே உள்ள மளிகைக் கடை பில்லைப் பாருங்கள்.

அரிசி – 5 கிலோ – 325.00
துவரம் பருப்பு – 1 கிலோ – 160.00
நல்லெண்ணெய் – 1 லிட்டர் – 380.00
மொத்தம் – 865.00
ரொக்கம் – 1000.00
மீதி – 135.00

இதில் மொத்தத் தொகை எது என்று உங்களைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவீர்கள். இப்போது இதனைக் கம்ப்யூட்டருக்கு விதியாக எழுதிக் கொடுத்துப் பார்ப்போம்.

முதல் விதி: பில்லில் உள்ள எண்களில் பெரியதுதான் மொத்தம். இந்தப் பில்லில் விடை 1000.00 என்று வரும். அது நீங்கள் கடைக்காரரிடம் நீட்டிய பணம்.

இரண்டாவது விதி: கடைசியாக உள்ள எண்தான் மொத்தம். விடை 135.00. அது உங்கள் கைக்குத் திரும்பி வந்த பணம்.

மூன்றாவது விதி: "மொத்தம்" என்ற சொல்லுக்கு அடுத்து வரும் எண்ணை எடுத்துக் கொள். இது சரியாகத் தோன்றுகிறது அல்லவா? ஆனால் பில் நெடுவரிசைகளாக இருப்பதால், ஓ.சி.ஆர். புரோகிராம் சில வேளைகளில் இடது பக்க வரிசை முழுவதையும் முதலில் மேலிருந்து கீழாகப் படித்துவிடும். பிறகு நடு வரிசை. அதன் பின்னர்தான் வலது வரிசை. அப்போது கிடைக்கும் டெக்ஸ்ட்டில் மொத்தம், ரொக்கம், மீதி, 5 கிலோ, 1 கிலோ என்று சொற்கள் வரிசையாக நிற்கும். "மொத்தம்" என்ற சொல்லுக்குப் பின் வரும் முதல் எண் 5. உங்கள் மளிகைச் செலவு ஐந்து ரூபாய் என்று கம்ப்யூட்டர் கணக்கெழுதிவிடும்.

கவனித்தீர்களா? ஓர் எழுத்துகூடத் தவறாகப் படிக்கப்படவில்லை. இருந்தும் விடை தவறு. தாளில் ஒரு எண்ணின் பொருள் அந்த எண்ணில் மட்டும் இல்லை. அது எங்கே இருக்கிறது, யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. டெக்ஸ்ட்டாக மாற்றும்போது இந்தப் பக்கத்து உறவு அறுந்து போகிறது. அதனை அறுந்து போகாமல் வைத்திருக்க வேண்டும். அதற்குத்தான் கிராப்.

கிராப் என்றால் என்ன?

கிராப் என்றவுடன் பள்ளியில் கட்டம் போட்ட தாளில் வரைந்த கோடு நினைவுக்கு வரலாம். பெரியவர்களுக்கு முடி வெட்டும் கிராப் நினைவுக்கு வரலாம். இது இரண்டும் அல்ல. கணிதத்தில் கிராப் என்பது சில புள்ளிகளும், அவற்றை இணைக்கும் கோடுகளும் ஆகும். குடும்ப வம்சாவளிப் படம் ஒரு கிராப். அதில் ஆட்கள் புள்ளிகள், உறவுகள் கோடுகள். ரயில்வே வரைபடம் ஒரு கிராப். அதில் ஸ்டேஷன்கள் புள்ளிகள், தண்டவாளங்கள் கோடுகள்.

இந்தக் கணிதத்திற்குத் தொடக்கம் போட்டவர் லியோன்ஹார்ட் ஆய்லர். கோனிக்ஸ்பெர்க் நகரில் ஆற்றின் மேல் ஏழு பாலங்கள் இருந்தன. ஒவ்வொரு பாலத்தையும் ஒரே ஒரு முறை மட்டும் கடந்து, ஏழு பாலங்களிலும் நடந்துவிட முடியுமா என்பது கேள்வி. நிலப்பகுதிகளைப் புள்ளிகளாகவும், பாலங்களைக் கோடுகளாகவும் எடுத்துக் கொண்டு, முடியாது என்று 1736ல் நிரூபித்தார் ஆய்லர். இன்ஜினியரிங் வகுப்பில் இந்தப் பாலங்களின் கதையைக் கேட்டபோது, இதற்கும் மளிகைக் கடை பில்லுக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்திருக்க மாட்டோம்.

பில் கிராப் ஆவது எப்படி?

ஓ.சி.ஆர். புரோகிராம் ஒரு சொல்லைக் கண்டுபிடிக்கும்போது, அந்தச் சொல் படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியும். இடது ஓரத்திலிருந்து எத்தனை பிக்ஸெல், மேலிருந்து எத்தனை பிக்ஸெல், அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என நான்கு எண்கள். சாதாரணமாக நமக்கு டெக்ஸ்ட் மட்டும் காட்டப்படுவதால் இவை நம் கண்ணில் படுவதில்லை. கிராப் அமைக்க இந்த நான்கு எண்கள்தான் மூலப்பொருள்.

இனி ஒவ்வொரு சொல்லையும் ஒரு புள்ளியாக வைத்துக் கொள்ளலாம். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அதற்கு இடது, வலது, மேல், கீழ் என நான்கு திசைகளிலும் மிக அருகில் உள்ள சொல்லுக்குக் கோடு போட வேண்டும். நம் பில்லில் 865.00 என்ற புள்ளியிலிருந்து இடது பக்கம் "மொத்தம்" என்ற சொல்லுக்கு ஒரு கோடு செல்லும். மேலே 380.00க்கு ஒரு கோடு. கீழே 1000.00க்கு ஒரு கோடு. வலது பக்கம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கோட்டுடனும் அது எந்தத் திசையில் செல்கிறது, எவ்வளவு நீளம் என்ற தகவலும் சேர்த்து வைக்கப்படும்.

இதில் கம்ப்யூட்டருக்குள்ள வசதியையும் பாருங்கள். ஒரு பக்கத்தில் 300 சொற்கள் இருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒவ்வொரு சொல்லையும் மற்ற எல்லாச் சொற்களுடனும் ஒப்பிட வேண்டுமானால் 44,850 ஜோடிகளைப் பார்க்க வேண்டும். பக்கத்து நான்கு பேரை மட்டும் பார்த்தால் அதிகபட்சம் 1200 கோடுகள்தான். வேலை வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

அக்கம்பக்கத்தில் விசாரித்தல்

நம் தெருவில் ஒருவர் புதிதாகக் குடி வந்திருக்கிறார். அவர் யார் என்று தெரிய வேண்டுமானால் என்ன செய்வோம்? அக்கம்பக்கத்தில் விசாரிப்போம். கிராப் மெஷின் லேர்னிங் செய்வதும் இதுதான்.

தொடக்கத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் தன்னைப் பற்றி மட்டுமே தெரியும். 865.00 என்ற புள்ளி "நான் ஒரு எண், என்னிடம் தசமப் புள்ளி உண்டு, வலது ஓரத்தில் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்லும். 325.00, 1000.00, 135.00 ஆகியவையும் இதையேதான் சொல்லும். இந்த நிலையில் எது மொத்தம் என்று பிரிக்க வழியே இல்லை.

முதல் சுற்றில் ஒவ்வொரு புள்ளியும் தன் பக்கத்துப் புள்ளிகளிடமிருந்து தகவல் வாங்கிக் கொள்ளும். இப்போது 865.00க்குத் தன் இடது பக்கம் "மொத்தம்" இருப்பது தெரிகிறது. 1000.00க்குத் தன் இடது பக்கம் "ரொக்கம்" இருப்பது தெரிகிறது. 325.00க்குத் தன் பக்கத்தில் கிலோக் கணக்கு இருப்பது தெரிகிறது.

இரண்டாவது சுற்றில் பக்கத்து வீட்டுக்காரரின் பக்கத்து வீட்டுக்காரர் பற்றிய தகவலும் வந்து சேரும். 865.00க்கு மேலே உள்ள 380.00, தன் இடது பக்கத்தில் 1 லிட்டர் என்று இருப்பதைச் சொல்லும். கீழே உள்ள 1000.00, தன் இடது பக்கத்தில் "ரொக்கம்" இருப்பதைச் சொல்லும். ஆக, "எனக்கு மேலே பொருட்களின் விலை முடிகிறது, எனக்குக் கீழே பணம் கொடுத்த கணக்கு தொடங்குகிறது" என்று 865.00க்குப் புரிந்துவிடுகிறது.

இங்குதான் இந்த முறையின் சிறப்பு. "மொத்தம்" என்ற சொல்லை ஓ.சி.ஆர். "மொததம" என்று தவறாகப் படித்திருந்தாலும், மேலும் கீழும் உள்ளவர்கள் சாட்சி சொல்வதால் 865.00 தன் இடத்தைத் தெரிந்து கொள்ளும். விதி எழுதும் முறையில் ஓர் எழுத்து பிசகினாலும் எல்லாம் பிசகிவிடும். அக்கம்பக்கம் விசாரிக்கும் முறையில் ஒரு சாட்சி உளறினாலும் மற்ற சாட்சிகள் கை கொடுப்பார்கள்.

அப்படியானால் பத்து இருபது சுற்றுகள் விசாரித்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று நீங்கள் கேட்கலாம். இருக்காது. ஒரு செய்தி ஊர் முழுவதும் பலமுறை சுற்றி வந்தால், எல்லோரும் ஒரே மாதிரி பேசத் தொடங்கிவிடுவார்கள். சுற்றுகள் கூடக் கூட எல்லாப் புள்ளிகளும் ஒன்று போல ஆகிவிடும், வேறுபாடு மறைந்துவிடும். எனவே சாதாரணமாக இரண்டு, மூன்று சுற்றுகளுடன் நிறுத்திக் கொள்வார்கள்.

கற்றுக் கொள்வது எப்படி?

எந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. கம்ப்யூட்டர் எடுத்துக்காட்டுக்களைப் பார்த்துத் தானே அமைத்துக் கொள்கிறது. அதனால்தான் இதற்கு மெஷின் லேர்னிங் என்று பெயர்.

முதலில் மனிதர்கள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பில்களில் இது மொத்தம், இது தேதி, இது கடையின் பெயர் என்று குறித்துத் தருவார்கள். புரோகிராம் தொடக்கத்தில் கண்ணை மூடிக் கொண்டு ஒரு விடை சொல்லும். எடுத்துக்காட்டாக, 1000.00 மொத்தமாக இருக்க 60 சதவீதம், 865.00க்கு 25 சதவீதம், 135.00க்கு 15 சதவீதம் வாய்ப்பு என்று சொல்வதாக வைத்துக் கொள்வோம். சரியான விடையுடன் ஒப்பிட்டு, எவ்வளவு விலகியுள்ளது என்று கணக்கிடப்படும். அந்த விலகல் சிறிதளவு குறையும்படி, இடது பக்கத்தாரின் சொல்லுக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு, தூரத்தில் உள்ளவருக்குச் சற்றுக் குறைவு என எண்கள் மாற்றப்படும். இதே வேலை ஆயிரக்கணக்கான முறை நடக்கும். முடிவில் 865.00 முன்னுக்கு வந்துவிடும். பிறகு இதுவரை பார்க்காத பில்களைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள்.

இப்படிக் குறித்துத் தரப்பட்ட தொகுப்புகள் சில பொதுவில் கிடைக்கின்றன. 2019ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் நடந்த ஆவண ஆய்வு மாநாட்டை ஒட்டி ஒரு போட்டி நடத்தப்பட்டது. ஆங்கிலத்தில் அச்சான 1000 கடை ரசீதுகள் அதற்காகத் தொகுக்கப்பட்டன. கடையின் பெயர், முகவரி, தேதி, மொத்தத் தொகை ஆகிய நான்கையும் எடுத்துத் தர வேண்டும் என்பது போட்டியின் ஒரு பகுதி.

அதே ஆண்டில் வெளியான இன்னொரு தொகுப்பின் பெயர் எப்.யு.என்.எஸ்.டி. இதில் 199 பாரங்கள் உள்ளன. இவை அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள், வழக்குகளின் விளைவாக வெளியிட நேர்ந்த ஆவணங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அழுக்கும் கறையும் மங்கலுமாக இருப்பதால், நிஜ வாழ்க்கையில் வரும் தாள்களுக்கு நல்ல பயிற்சி. இதில் எது கேள்வி, எது பதில், எது தலைப்பு என்பதுடன், எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்ற இணைப்பும் குறிக்கப்பட்டுள்ளது. அதாவது, புள்ளிகளுடன் கோடுகளையும் மனிதர்களே போட்டுத் தந்துள்ளனர்.

வந்த பாதை

தாளைக் கிராப் ஆகப் பார்க்கும் எண்ணம் புதியது அல்ல. 1993ல் லாரன்ஸ் ஓ கார்மன் என்ற ஆய்வாளர் டாக்ஸ்ட்ரம் என்ற முறையை வெளியிட்டார். பக்கத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் அதற்கு மிக அருகில் உள்ள சில எழுத்துக்களுடன் கோடு போட்டு இணைப்பார்கள். அந்தக் கோடுகளின் சாய்வையும் நீளத்தையும் எண்ணிப் பார்த்தால், தாள் எவ்வளவு கோணலாக ஸ்கேன் ஆகியுள்ளது, வரிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பது தெரிந்துவிடும். இதில் கற்றுக் கொள்ளுதல் கிடையாது, அளப்பது மட்டும்தான்.

கிராப் மீது நியூரல் நெட்வொர்க்கை இயக்குவது குறித்த முக்கியமான கட்டுரை ஒன்றை ஸ்கார்செல்லி குழுவினர் 2009ல் வெளியிட்டனர். இதனை எளிமையாக்கி வேகமாக இயங்க வைத்த கிப், வெல்லிங் ஆகிய இருவரின் கட்டுரை 2017ல் வந்தது. அதன் பிறகே இம்முறை பரவலானது. 2019ல் அலிபாபா நிறுவன ஆய்வாளர்கள், வரி பில்களிலும் ரசீதுகளிலும் தகவல் எடுக்க இதனைப் பயன்படுத்திய விதத்தை வெளியிட்டனர்.

அந்த ஆண்டின் இறுதியில் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள் லேஅவுட் எல்.எம். என்ற மாடலை அறிவித்தனர். இதில் ஒவ்வொரு சொல்லும் பக்கத்தில் உள்ள மற்ற எல்லாச் சொற்களையும் பார்க்கும். கிராப் கண் கொண்டு பார்த்தால், எல்லாப் புள்ளிகளையும் எல்லாப் புள்ளிகளுடனும் இணைத்தது போன்றது இது. திறன் அதிகம், அதற்கேற்பக் கம்ப்யூட்டர் சக்தியும் அதிகம் வேண்டும். இன்று படத்தைக் கொடுத்தால் நேரடியாகப் பதில் சொல்லும் பெரிய ஏ.ஐ. புரோகிராம்கள் வந்துவிட்டன. எந்த வழியில் சென்றாலும் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த எண் எந்தச் சொல்லுக்கு உரியது?

தவறு எங்கே ஒளிந்திருக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தவறினால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கலாம். எழுத்துத் தவறு கண்ணில் படும். "மொததம" என்று இருந்தால் பார்த்தவுடன் சிரித்துவிட்டுத் திருத்திவிடுவோம். உறவுத் தவறு கண்ணில் படாது.

ஒரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுத்துக் கொள்ளுங்கள். சாப்பிடுவதற்கு முன் சர்க்கரை 98, சாப்பிட்ட பின் 152 என்று இருக்கிறது. புரோகிராம் இரண்டு எண்களையும் சரியாகப் படித்து, இடம் மட்டும் மாற்றிப் போட்டுவிட்டால்? சாப்பிடுவதற்கு முன் 152 என்று வரும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் என்றால் அது சர்க்கரை நோய்க்கான அளவு. எண்கள் சரி, எழுத்துக்கள் சரி, அட்டவணை அழகாக இருக்கிறது. ஆனால் நோய் இல்லாதவருக்கு நோய் வந்துவிட்டது.

அழகாகத் தெரியும் தவறு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஓ.சி.ஆர். சம்பந்தப்படாத ஒரு நிகழ்வும் உண்டு. 2013ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் க்ரீசல், ஜெராக்ஸ் ஒர்க் சென்டர் சாதனம் ஒன்றில் ஸ்கேன் செய்யப்பட்ட கட்டட வரைபடத்தில் விநோதம் ஒன்றைக் கண்டார். மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 என்று இருக்க வேண்டும். ஸ்கேன் செய்த பைலில் மூன்று அறைகளுக்கும் 14.13 என்றே இருந்தது. பைலின் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்று போலத் தெரியும் சிறு பகுதிகளை ஒரே பகுதியாக வைத்து எல்லா இடங்களிலும் அதையே ஒட்டியதுதான் காரணம். மங்கலோ கிறுக்கலோ எதுவும் இல்லை. எண்கள் பளிச்சென்று இருந்தன. பின்னர் அந்த நிறுவனம் இதனைச் சரி செய்யும் சாப்ட்வேரை வெளியிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியவை

வீட்டில் உள்ள ஆவணங்களை ஸ்கேன் செய்து தகவல் எடுக்கும்போது கீழ்க்கண்டவற்றைப் பின்பற்றவும்.

1. 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்திடுங்கள். சிறிய எழுத்து எனில் 400 வரை செல்லலாம். மிகவும் சுருக்கிய பைலாகச் சேமிக்க வேண்டாம்.

2. தாளைக் கண்ணாடி மீது நேராக வையுங்கள். கோணலாக இருந்தால் ஒரு வரியின் எண் அடுத்த வரியின் சொல்லுக்குப் பக்கத்தில் போய்விடும். மடிப்புகளை நீவிவிடுங்கள்.

3. தேவையான பகுதி மட்டும் போதும் என்று வெட்டிவிடாதீர்கள். தலைப்பு வரியை வெட்டினால், அதன் கீழ் உள்ள எண்களுக்கு அக்கம்பக்கத்தில் சாட்சியே இல்லாமல் போய்விடும்.

4. கடைகளில் தரும் வழுவழுப்பான பில்கள் வெப்பத்தால் அச்சாகும் தாள்கள். நாளாக ஆக மங்கிவிடும். வாரண்டி பில் எனில் வாங்கிய அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

5. எக்ஸெல் தாளில் எண்கள் வந்தவுடன், பொருட்களின் விலையைக் கூட்டி மொத்தத்துடன் ஒத்துப் போகிறதா என்று பார்க்கவும். நம் பில்லில் 325, 160, 380 ஆகியவற்றைக் கூட்டினால் 865 வர வேண்டும். இந்தக் கூட்டல், உறவுத் தவறைப் பிடிக்கும் நல்ல வலை.

6. மருத்துவ ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றில் எந்தப் புரோகிராமையும் முழுமையாக நம்பாதீர்கள். அசல் தாளைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி சரி பாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டோம் என்பதற்காக அசலைத் தூக்கி எறிய வேண்டாம்.

7. இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கூறும் முன்பின் தெரியாத இணைய தளங்களில் அடையாள அட்டை, வங்கி ஆவணங்களை அப்லோட் செய்யாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே இயங்கும் டெஸராக்ட் போன்ற புரோகிராம்கள் பாதுகாப்பானவை. ஆதார் நகல் தர வேண்டிய இடங்களில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் வகை நகல் ஏற்கப்படுமா என்று கேட்டு அதனையே கொடுங்கள்.

பென்சிலால் ஒரு சோதனை

இதனைப் புரிந்து கொள்ளக் கம்ப்யூட்டர்கூடத் தேவையில்லை. வீட்டில் உள்ள ஒரு பழைய பில்லைப் பிரிண்ட் எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு சொல்லையும் எண்ணையும் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் இடது, வலது, மேல், கீழ் என அருகில் உள்ள வட்டத்திற்குக் கோடு போடுங்கள். இப்போது "மொத்தம்" என்ற சொல்லை மட்டும் ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டு, வீட்டில் உள்ள சிறுவர் ஒருவரிடம் கொடுத்து மொத்தம் எது என்று கேளுங்கள். மேலே கீழே பார்த்து, கோடுகளைப் பின்பற்றிச் சொல்லிவிடுவார்.

அடுத்து இன்னொரு பில்லில் எண்களை மட்டும் தனித்தனித் துண்டுகளாக வெட்டிக் கலைத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். எழுத்து அதேதான், எண்ணும் அதேதான். ஆனால் பதில் சொல்ல முடியாது. ஸ்கேன் செய்த தாளில் நாம் காப்பாற்ற வேண்டியது எழுத்துக்களை மட்டுமல்ல, அவற்றின் இடத்தையும்தான். அடுத்த முறை ஏதேனும் ஒரு புரோகிராம் உங்கள் பில்லிலிருந்து ஓர் எண்ணை எடுத்து நீட்டும்போது, எண் சரியா என்று பார்ப்பதுடன், அது யாருடைய எண் என்றும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.